காகிதத்துக்காகப் பிறந்த குளிர்

நூலகத்தின் உள்ளறைக் கதவைத் திறந்ததும் நம்மை எதிர்கொண்டது ஒரு வாடை. பழைய இதழ்களுக்கென்று ஒரு மணம் உண்டு. அதை இங்கு வரும் வாசகர்கள் நன்கறிவர். இது அந்த மணமன்று. அடைமழை நாளில் மூலையில் போட்டு மறந்த ஈரத்துணியின் வாடை. ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்த பின், மார்கழித் தொடக்கத்தில் ஒரு காலை அது. 1930களின் இலக்கிய இதழ்களைக் கட்டி அடுக்கியிருந்த அலமாரியில், துணி பைண்டிங்குகளின் மேல் சாம்பல் தூவினாற்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தோம். பதினேழு தொகுதிகள்.

வியப்பு யாதெனில், அறை சில்லென்றிருந்தது. சுவரில் இருந்த காட்டி 22 டிகிரி என்றது. எட்டு மாதங்களுக்கு முன்னர்தான், இந்த இதழ்களைக் காக்கவென்றே பெறப்பட்ட நிதியில், பதினொரு டன் 'பேக்கேஜ்' ஏசி ஒன்று அங்கே நிறுவப்பட்டிருந்தது. இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. 'பணி நன்முறையில் நிறைவுற்றது' என்ற சான்றில், நூலகக் குழுவின் பொறுப்பாளர் என்ற முறையில் கையொப்பமிட்டவர் நாமே.

குளிரூட்டிய அறையில் பூஞ்சை எப்படி வந்தது? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த நாம், கடலோரத்துச் சிற்றூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்கு, அதுவும் 1902ஆம் ஆண்டுக்குப் போக நேர்ந்தது. இக்கட்டுரை அந்தப் பயணத்தின் பதிவு.

இதழும் ஈரமும்

ஏசி என்னும் எந்திரம் மனிதர் சுகத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. அது காகிதத்துக்காகப் பிறந்தது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், ஓர் இதழ் ஒழுங்காக அச்சாக வேண்டும் என்பதற்காக.

புரூக்ளினில் மெட்ரோபாலிடன் அவென்யூவில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற கல்லச்சு நிறுவனம் இயங்கி வந்தது. 'ஜட்ஜ்' என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை இதழ் அங்கேதான் வண்ணத்தில் அச்சானது. அக்காலத்து வண்ண அச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே ஏற வேண்டும். மஞ்சள் ஏறிய தாள் உலர்ந்து, பின் சிவப்புக்குப் போகும்; பின்னர் நீலம். முதல் நிறம் விழுந்த அதே இடத்தில் அடுத்த நிறமும் மயிரிழை பிசகாமல் விழுந்தாக வேண்டும்.

காகிதமோ உயிருள்ள பொருள்போல நடந்துகொள்வது. காற்றில் ஈரம் மிகுந்தால் அதை உறிஞ்சி விரியும். ஈரம் குறைந்தால் அதை விட்டுச் சுருங்கும். நியூயார்க்கின் கோடை புழுக்கம் நிறைந்தது. காலையில் மஞ்சள் வாங்கிய தாள் மாலையில் சிவப்புக்கு வருமுன் சற்றே நீண்டிருக்கும். விளைவு, உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். மையும் காயாது. தாள்கள் வீணாயின, இதழ் வெளியாகும் நாள் தவறியது.

இந்தச் சிக்கல் வால்டர் டிம்மிஸ் என்ற ஆலோசனைப் பொறியாளர் வழியே 'பஃபலோ ஃபோர்ஜ்' நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தை அடைந்தது. அங்கே பொறுப்பிலிருந்த இர்வின் லைல், அதனைத் தம் நிறுவனத்து இளம் பொறியாளர் ஒருவரிடம் ஒப்படைத்தார். 1901இல் கார்னெல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்திருந்த 25 வயது வில்லிஸ் கேரியரே அவர். வாரத்துக்குப் பத்து டாலர் சம்பளம்.

கேரியர் முதலில் முயன்றது எளிய வழி. கால்சியம் குளோரைடு என்னும் உப்பு ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதன் கரைசலில் நனைத்த சாக்குத்துணி வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார். ஈரம் குறைந்தது உண்மை; ஆனால் காற்றோடு உப்பும் வாடையும் சேர்ந்து வந்தன. அச்சகத்துக்கு அது ஆகாது. பின்னர் அவர் திரும்பியது அமெரிக்க வானிலைத் துறையின் ஈரப்பத அட்டவணைகளின் பக்கம். குளிர்ந்த சொம்பின் புறத்தே நீர்த்துளி பூப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். காற்று குளிரக் குளிர அதனால் தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறைகிறது; மிஞ்சியது துளியாக வெளியேறுகிறது. அப்படியானால், எவ்வளவு ஈரம் எஞ்ச வேண்டுமோ அதற்குரிய வெப்பநிலை வரை காற்றைக் குளிர்வித்தால், வேண்டாத ஈரம் தானே உதிர்ந்துவிடும் அல்லவா? அவருடைய நோக்கம் ஈரம். குளிர் அதற்கொரு கருவி. இந்த வரிசை முறை இக்கட்டுரைக்கு உயிர்நாடி என்பதால் வாசகர்கள் மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறோம்.

1902 ஜூலை 17 என்று நாளிட்ட அவருடைய வரைபடமே நவீன ஏசியின் பிறப்புச் சான்றாக இன்று கருதப்படுகிறது. கோடையில் 80 டிகிரி ஃபாரன்ஹீட், குளிர்காலத்தில் 70 டிகிரி. ஆண்டு முழுதும் ஈரப்பதம் 55 விழுக்காடு. இதுவே இலக்கு. வெப்பநிலை பருவத்துக்கேற்ப மாறலாம். ஈரப்பதம் மாறக்கூடாது என்பது நோக்கத்தக்கது. அந்தக் கோடை இறுதியில் விசிறிகளும், காற்றுக் குழாய்களும், குளிர்ச்சுருள்களும் பொருத்தப்பட்டன. சுருள்களுக்குள் முதலில் ஓடியது ஆழ்கிணற்றின் குளிர்ந்த நீர். 1903இல் அம்மோனியாக் குளிர்விப்பு எந்திரம் சேர்ந்தது. குளிர்காலத்தில் காற்று வறண்டு போகாதிருக்கத் துளையிட்ட குழாய்கள் வழியே நீராவியும் விடப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் லைல் எழுதிய கடிதமொன்று, கடந்த கோடையில் சுருள்கள் நல்ல பலன் தந்தன என்று தெரிவிக்கிறது. பொருத்தியது 1902இல்; 'பலன் தந்தது' என்று எழுதியதோ ஒரு கோடை முழுவதும் ஓட்டிப் பார்த்த பின்னர். நாம் சான்றில் கையொப்பமிட்டது எந்திரம் வந்த மூன்றாம் நாள்.

பனிக்கட்டியில் அளந்த குளிர்

புரூக்ளின் எந்திரத்தின் ஆற்றல், ஒரு நாளில் 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகுவதற்கு இணையானது என்று கணக்கிடப்பட்டது. அதாவது 54 டன். ஏசியை நாம் இன்றும் 'ஒன்றரை டன்', 'பதினொரு டன்' என்று டன் கணக்கில் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அது எந்திரத்தின் எடையன்று. 2,000 பவுண்டு கொண்ட ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ அவ்வளவு. ஏறத்தாழ மூன்றரை கிலோவாட்.

எந்திரக் குளிர் வருமுன் குளிர் என்பது கப்பலில் வந்த சரக்கு. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பின்னர் சென்னைக்கும் அது வந்தது. மெரினாக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், அந்தப் பனிக்கட்டியைச் சேமித்த 'ஐஸ் ஹவுஸ்'தான். அப்பகுதியில் நடக்கும் முதியவர் நாவில் அப்பெயர் இன்னும் உயிரோடிருக்கிறது. எந்திரம் வந்து பனிக்கட்டியை ஒழித்தது. பனிக்கட்டியோ அளவையாக மாறி எந்திரத்தின் நெற்றியில் ஏறிக்கொண்டது.

பதம் என்னும் சொல்

புரூக்ளின் பணி முடிந்த பின்னும் கேரியருக்கு நிறைவில்லை. 1902இன் பிற்பகுதியில் ஒரு மாலை, பிட்ஸ்பர்க் ரயில் நிலைய மேடையில் மூடுபனிக்கிடையே அவர் காத்து நின்றபோது ஒன்று தோன்றியது என்பர். இந்தக் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது. ஆயினும் குளிர்ந்திருப்பதால் உண்மையில் இதிலுள்ள நீரின் அளவு சொற்பமே. ஆகவே குளிர்ந்த நீர்த்தூவலின் வழியே காற்றைச் செலுத்தி, நீரின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தினால் காற்றின் ஈரத்தையும் கட்டுப்படுத்தலாம். நீரைக் கொண்டே காற்றை உலர்த்துவது! முரண்போல் ஒலிக்கும் இந்தக் கருத்தே 1906 ஜனவரி 2இல் காப்புரிமை பெற்றது. அதன் தலைப்பில் குளிர் என்ற சொல்லே இல்லை. காற்றைப் பக்குவம் செய்யும் சாதனம் என்ற பொருளில்தான் அது அமைந்திருந்தது.

அதே 1906இல் வட கரோலினாவின் பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர், 'ஏர் கண்டிஷனிங்' என்னும் சொற்றொடரை வழக்குக்குக் கொண்டுவந்தார். நூல் இழைகளுக்கு உரிய ஈரத்தை ஏற்றிப் பக்குவப்படுத்துவதைப் பஞ்சாலைகளில் 'கண்டிஷனிங்' என்பர். அதையே காற்றுக்கு ஆக்கினார் அவர்.

இங்கே தமிழாசிரியர் என்ற முறையில் சற்று நிற்கத் தோன்றுகிறது. அந்தச் சொல்லுக்கு நேரான பொருளைத் தமிழில் தேடினால் கிடைப்பது 'பதப்படுத்துதல்'. சோற்றுக்குப் பதம், பாகுக்குப் பதம், விதைக்க நிலத்துக்குப் பதம். மிகையுமின்றிக் குறையுமின்றி உரிய நிலையில் இருப்பதே பதம். 'ஈரப்பதம்' என்னும் சொல்லுக்குள்ளேயே அது உறைகிறது. ஆனால் வழக்கில் நமக்கு வாய்த்த சொல் 'குளிர்சாதனம்'. அச்சொல் நம் கண்ணைக் குளிரின் மேல் மட்டும் நிறுத்திவிட்டது. அறை சில்லென்று இருந்தால் எந்திரம் வேலை செய்கிறது என்று நம்பினோம். பதம் பார்க்க மறந்தோம்.

கேரியர் மறக்கவில்லை. 1911இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை, காற்றின் வெப்பம், ஈரம், பனிநிலை ஆகியவற்றுக்கிடையிலான உறவைச் சூத்திரமாக்கியது. இன்றும் இத்துறையில் பயில்வோர் கையிலிருக்கும் வரைபடத்துக்கு அதுவே அடித்தளம்.

ரிவோலி அரங்கில் ஈராயிரம் விசிறிகள்

ஆலைகளுக்கென்று பிறந்த எந்திரம் மக்கள் கூடும் இடங்களுக்கு வந்த வரலாறு தனியே சொல்லத்தக்கது. நியூயார்க் பங்குச் சந்தைக் கட்டடத்தில் ஆல்ஃபிரட் வுல்ஃப் 1903இலேயே குளிரூட்டும் ஏற்பாட்டைச் செய்திருந்தார். எனினும் சாதாரண மக்களுக்கு இந்தக் காற்றை அறிமுகம் செய்தவை திரையரங்குகளே. 1922இல் கேரியர் அறிமுகம் செய்த மையவிலக்கு வகை எந்திரம் அதற்கு வழி திறந்தது. பழைய எந்திரங்களைவிட அது இடத்தை அடைக்காதது. அதில் அம்மோனியா இல்லை.

1925 மே மாத இறுதி. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து ரிவோலி திரையரங்கில் எந்திரம் பொருத்தப்பட்டது. அதில் பயன்பட்ட 'டைலீன்' என்னும் குளிர்பொருள் பாதுகாப்பானதா என்று நகரத்துப் பாதுகாப்பு அதிகாரி ஐயுற்றார். கேரியர் ஒரு பாத்திரத்தில் அதை ஊற்றி, எரியும் தீக்குச்சியை அதனுள் போட்டுக் காட்டினாராம்.

திறப்பு நாளன்று கடைசிச் சரிபார்ப்புகள் முடியத் தாமதமாகிவிட்டது. எந்திரம் ஓடத் தொடங்குமுன்னரே கதவுகள் திறக்கப்பட்டன. கூட்டம் அலைமோதி உள்ளே நிறைந்தது. பின்புறம் வரிசை வரிசையாக நின்றது. ஈராயிரம் கைவிசிறிகள் படபடத்ததை மேடையோரத்திலிருந்து கலக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேரியர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நிறைந்த அரங்கின் சூடு உடனே தணிந்துவிடாது. மெல்ல மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக விசிறிகள் மடியில் இறங்கின. 'பாரமவுண்ட்' நிறுவனத்து அடால்ஃப் சூக்கர் மாடியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தவர், மக்களுக்கு இது பிடிக்கும் என்ற பொருளில் சுருக்கமாகச் சொல்லிப் போனார்.

இந்நிகழ்ச்சியை எந்திரத்தின் வெற்றிக்கதையாகவே எல்லோரும் சொல்வர். நமக்கு அதில் முக்கியமாகப்படுவது வேறு. எந்திரத்தைச் செய்தவரே அதை ஓட்டும் நாளில் அரங்கின் ஓரத்தில் நின்று, விசிறிகளை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே அது. பொருத்திவிட்டுப் போய்விடவில்லை.

பெட்டிக்குள் அடங்கிய ஆலை

இத்தகைய எந்திரங்கள் ஒவ்வொன்றும் அந்தந்தக் கட்டடத்துக்கென்று தனியே கணக்கிட்டு, பகுதி பகுதியாகக் கட்டப்பட்டவை. பொறியாளர் உடனிருந்தே தீர வேண்டும். இந்நிலையை மாற்றியது வேதியியல். 1930இல் தாமஸ் மிட்க்லி என்ற வேதியியலார், தாம் ஆக்கிய புதிய வாயுவை அறிஞர் அவையில் மூச்சில் இழுத்து, அதையே ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீயும் பற்றாது என்பதற்கு அதுவே நிறுவல். 'ஃபிரியான்' என்று பெயர் பெற்ற அவ்வாயுக் குடும்பம், எந்திரத்தை மக்கள் இருக்கும் அறைக்குள்ளேயே வைக்கும் துணிவைத் தந்தது. கம்பிரஸர், சுருள்கள், விசிறி, வடிகட்டி அனைத்தும் ஒரே அலமாரிக்குள் அடங்கிய 'பேக்கேஜ்' ஏசிகள் 1930களில் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வரலாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவை பெருகின. அமெரிக்கக் கடைத்தொகுதிகளின் கூரைகள்மேல் ஏறின.

அந்த வாயுவின் பிற்கதை துயரமானது. 1974இல் மொலினாவும் ரோலண்டும் அது வான்மேலிருக்கும் ஓசோனை அழிக்கும் என எச்சரித்தனர். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. மாற்றாக வந்தவை புவி வெப்பத்தைக் கூட்டுவன என்பதால் அவற்றையும் குறைக்க 2016இல் கிகாலியில் திருத்தம் செய்யப்பட்டது. ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டு நிறுவிய பாதுகாப்பு, அந்த அவையின் அளவுக்கே பாதுகாப்பாயிருந்தது எனலாம்.

நம் பொருளுக்குத் திரும்புவோம். பெட்டி வந்ததால் விலை குறைந்தது. சிற்றூர்க் கல்லூரிக்கும் எட்டியது. கூடவே ஓர் எண்ணமும் வந்தது. ஆலையிலேயே எல்லாம் அடைத்து அனுப்பிவிட்டார்கள்; இறக்கி வைத்து மின் இணைப்புத் தந்தால் போதும் என்பதே அது. கேரியர் ஒரு கோடை முழுவதும் செய்த வேலை ஒரு பிற்பகலாகச் சுருங்கியது.

யார் கமிஷன் செய்தது?

பூஞ்சையைக் கண்ட பின் நாம் பழைய மாணவர் ஒருவர் வழியே ஒரு முதிய ஏசிப் பொறியாளரை வரவழைத்தோம். அறுபதைக் கடந்தவர். வந்தவர் எந்திரத்தைப் பார்க்குமுன் கோப்பைக் கேட்டார். புரட்டினார்.

"பில் இருக்கு, வாரண்டி இருக்கு, உங்க கையெழுத்து இருக்கு. ரீடிங் ஒண்ணுகூட இல்லையே சார். யாரு கமிஷன் பண்ணினது?"

நாம் விடை சொல்லவில்லை. கமிஷன் செய்தல் என்பது, பொருத்திய எந்திரத்தை முறைப்படி ஓட்டி, ஒவ்வோர் அளவையும் எடுத்து எழுதி, வேண்டிய பயனைத் தருகிறது என்று உறுதிசெய்வது. இதை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

அவர் பையிலிருந்து எடுத்த முதற்கருவி நம்மை வியப்பிலாழ்த்தியது. மரக்கைப்பிடியில் சுழலும்படி பொருத்திய இரண்டு வெப்பமானிகள். ஒன்றன் குமிழில் நனைத்த திரி. கிலுகிலுப்பையைப் போல அதைச் சுழற்றினார். திரியிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த வெப்பமானி குளிரும். காற்று உலர்ந்திருந்தால் நிறையவே குளிரும், ஈரமாயிருந்தால் குளிராது. உலர் குமிழ் 22, ஈரக் குமிழ் 19. இடைவெளி மூன்றே டிகிரி. "எழுபத்தஞ்சு பர்சென்ட் ஈரம் சார். அறுபத்தஞ்சைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்" என்றார்.

பின்னர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரசமட்டத்தை எந்திரத்தின் மேல் வைத்தார்; வடிகுழாய்க்கு எதிர்ப்புறமாகச் சற்றே சாய்ந்திருந்தது. காற்றிலிருந்து உதிர்ந்த நீர் வெளியேறும் குழாயில், கைகழுவும் தொட்டியின் அடியில் இருப்பது போன்ற வளைவு இருக்க வேண்டும், இல்லை. விசிறியின் உறிஞ்சலில் வெளிக்காற்று அக்குழாய் வழியே உள்ளேறி, நீரை வடியவிடாமல் தட்டிலேயே தேக்கியிருந்தது. மேற்கூரைக்கும் பொய்க்கூரைக்கும் இடையில், திரும்பும் காற்றின் டக்ட் ஓரிடத்தில் கையகலம் வாய் பிளந்திருந்தது. எட்டு மாதங்களாக எந்திரம் அறைக் காற்றோடு கூரையின் கடலோரப் புழுக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றினும் பெரிய பிழை, அளவிலேயே இருந்தது. அறைக்குத் தேவை ஆறு ஏழு டன். வைத்ததோ பதினொரு டன். பிற்காலத்துக்கு ஆகட்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் நாம்தான். பெரிய எந்திரம் சில நிமிடங்களில் அறையை 22 டிகிரிக்குக் கொண்டுவந்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் சுருளில் படிந்து, திரண்டு, வடிந்து போக அந்த நேரம் போதாது. கம்பிரஸர் நின்ற பின்னும் விசிறி ஓடும்படி அமைத்திருந்ததால், சுருளில் படிந்த நீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்பியது. குளிர் வந்தது, ஈரம் போகவில்லை. ஈரத்தை அகற்றாமல் குளிரை மட்டும் சேர்ப்பது எவ்வளவு தீங்கு என்பதற்கு அவர் ஒரு கணக்குச் சொன்னார். 32 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை, ஒரு துளியும் வடிக்காமல் 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் 96 விழுக்காட்டைத் தொடும். ஏசியே இல்லாத பக்கத்து அறையின் இதழ்களில் பூஞ்சை ஏன் குறைவு என்பது அப்போது விளங்கிற்று.

இரண்டு நாள் வேலை நடந்தது. எந்திரத்தை மட்டத்துக்குக் கொண்டுவந்து, கால்களுக்கு ரப்பர் மெத்தை வைத்தார். வடிகுழாய்க்கு வளைவு அமைத்து, வாளி நீரை ஊற்றி வடிவதைக் கண்ணால் கண்டார். டக்டின் பிளவை அடைத்தார். மூன்று பேஸ்களின் வரிசையைச் சோதித்தார். கம்பிரஸரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைக்கும் சிறு ஹீட்டருக்கு மட்டும் மின்சாரம் தந்து, ஓர் இரவும் பகலும் காத்திருந்தார். குளிர்ந்த எண்ணெயில் வாயு கரைந்திருக்குமாம்; அப்படியே ஓட்டினால் எண்ணெய் நுரைத்துக் கம்பிரஸரை விட்டுப் போய்விடும். இரண்டு கம்பிரஸர்களில் ஒன்றை மட்டும் ஓடவிட்டு, மற்றதை மாற்றுக்கென நிறுத்தினார். விசிறியின் புல்லியை மாற்றி வேகத்தைத் தணித்தார்; காற்று சுருளின்மேல் சற்று நின்று போகட்டும் என்றார். கம்பிரஸர் நின்றால் விசிறியும் நிற்கும்படி செய்தார். ஜன்னல் இடுக்குகளை நம்மையே அடைக்கச் சொன்னார்.

அடைத்துக்கொண்டிருக்கையில் நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. கூதிர்காலம் வந்ததும் விசிறிகளைச் சுருக்கி மாட்டிவிடுகிறார்கள். அவற்றில் சிலந்தி நூல் கட்டுகிறது. வேனிலில் தென்றலுக்கெனத் திறந்திருந்த மாடத்துச் சாளரங்களைத் தாழிட்டு அடைக்கிறார்கள். எந்தப் பருவத்தில் எந்தக் காற்றை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்ற கவனம் அந்த வீட்டில் இருந்தது. வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாடம். நம் நூலகத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றாமல் போயிற்று.

எந்திரம் ஓடத் தொடங்கி அரைமணி நேரம் கழிந்த பின்னரே அவர் குறிப்பேட்டைத் திறந்தார். உள்ளே போகும் காற்றின் இரு வெப்பநிலைகள், வெளியே வரும் காற்றின் இரு வெப்பநிலைகள், வாயுவின் அழுத்தங்கள், ஒவ்வொரு பேஸிலும் மின்னோட்டம், நேரம். ஒவ்வொன்றையும் எழுதினார். அறையின் ஈரப்பதம் மாலைக்குள் 63க்கு இறங்கியது. அங்கேயே நின்றது. நாம் பொறுமையிழந்தோம்.

"காகிதம் எட்டு மாசமா குடிச்ச தண்ணி சார். ஒரே நாள்ல கக்குமா?" என்றார் அவர்.

ரிவோலி அரங்கின் விசிறிகள் நினைவுக்கு வந்தன. காத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் அந்த இரட்டை வெப்பமானியைச் சுழற்றி எழுதும் வேலை நமக்குரியதாயிற்று. ஒன்பதாம் நாள் உலர் குமிழ் 24, ஈரக் குமிழ் 18. அட்டவணையில் பார்த்தோம். ஏறத்தாழ 55 விழுக்காடு. 1902இல் புரூக்ளினில், ஓர் இதழின் வண்ணங்கள் பிசகாதிருக்கக் கேரியர் வரைந்த அதே எண்.

எஞ்சியவை

பதினேழு தொகுதிகளில் பதின்மூன்றைத் தூரிகையால் துடைத்து, தாள் தாளாகப் பிரித்து உலர்த்திக் காப்பாற்றினோம். நான்கில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன. பிரித்தால் எழுத்து உரிந்து வருகிறது. அவற்றுள் ஒன்றில், வேறெங்கும் மறுபதிப்புக் காணாத ஒரு சிறுகதை இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் படித்தது. கதையின் போக்கு நினைவிருக்கிறது, சொற்கள் நினைவிலில்லை.

எந்திரத்தைப் பொருத்தியவர்களை மட்டும் குறை சொல்லி இக்கட்டுரையை முடிப்பது எளிது. ஆனால் சான்றில் இருப்பது நம் கையொப்பம். அன்று அந்தத் தாளில் ஓர் எண்ணாவது எழுதியிருக்கிறதா என்று நாம் கேட்டிருக்கலாம். ஓலையைப் பிரதி செய்தவரும், அச்சுப்படி திருத்தியவரும், மூலத்தோடு ஒப்புநோக்காமல் 'முடிந்தது' என்று சொன்னதில்லை. அந்த ஒப்புநோக்கலுக்கு ஏசித் தொழிலில் வழங்கும் பெயர்தான் கமிஷனிங். பாடபேதம் பார்க்கத் தெரிந்த நமக்கு அது விளங்காத கலையன்று.

இவ்விடம் வரும் வாசகர்களில் நூலகப் பொறுப்பிலிருப்போர் சிலர் உண்டு என்பதை அறிவோம். உங்கள் அறை சில்லென்றிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஈரக் குமிழ் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். நமது நூலகத்தில் இப்போது அந்தக் குறிப்பேடு கதவருகே ஓர் ஆணியில் தொங்குகிறது. இன்று காலை எழுதியது: 24, 18.